மூசா ஷஃபீக் மீது சுமத்தப்பட்ட பழி

ஆப்கானிஸ்தானைப் பற்றிப் பேச்சு வந்தாலே சில தீர்ப்புகள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. அது பேரரசுகளின் புதைகுழி. அங்கே குலக்குழுக்களை மீறி அரசு என்று ஒன்று நின்றதே கிடையாது. நின்றதென்றால் அது இரும்புக்கரம் படைத்த ஒரு ஆளால்தான். இந்தக் கடைசித் தீர்ப்புக்குச் சாட்சியாகத் தாவூத் கானை நிறுத்துவார்கள். 1953 முதல் 1963 வரை பிரதமர், 1973 முதல் 1978 வரை ஜனாதிபதி. நடுவில் கிடக்கும் பத்தாண்டைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அரசியல் சட்டமாம், நாடாளுமன்றமாம், தேர்தலாம். ஐந்து பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள், ஒன்றும் உருப்படவில்லை, ஆகவே தாவூத் திரும்பி வர வேண்டியதாயிற்று என்று கதை முடியும். அந்த ஐவரில் கடைசி ஆள் முகம்மது மூசா ஷஃபீக். ஏழு மாதமே பதவியில் இருந்தவர். அவருக்கு ஒதுக்கப்படுவது அரை வரி. அந்த அரை வரியிலும் பெரும்பாலும் ஈரானுக்கு ஆற்று நீரைத் தூக்கிக் கொடுத்தவர் என்ற பழிதான் மிஞ்சும்.

இந்தக் கதையில் ஆண்டுகள் சரியாக இருக்கின்றன, காரணம்தான் தலைகீழாக இருக்கிறது. சட்டப்படி நடந்த ஓர் அரசு தள்ளாடியது உண்மை. ஆனால் அது தானாக விழவில்லை. காத்திருக்கப் பொறுமையற்ற ஓர் அரச குடும்பத்து மனிதர் ராணுவத்தை வைத்து அதைக் கவிழ்த்தார். கவிழ்த்தவரை வல்லவர் என்றும் கவிழ்க்கப்பட்டவரைக் கையாலாகாதவர் என்றும் எழுதிவைத்திருக்கிறோம். நாற்பது ஆண்டுப் போரின் வேரை மலைகளிலும் குலங்களிலும் மதத்திலும் தேடுகிறவர்கள், 1973 ஜூலை 17 விடியற்காலையில் காபூலில் நடந்ததை ஒரு தடவை நிதானமாகப் பார்த்திருந்தால் தேடும் இடத்தை மாற்றியிருப்பார்கள்.

ஷஃபீக் யார் என்பதிலிருந்தே தொடங்கலாம். நங்கர்ஹார் மாகாணத்தில் காமா என்ற ஊர்ப்பகுதி. அங்கிருந்து வந்த மார்க்க அறிஞர் ஒருவரின் மகன். பஷ்தூன்தான், ஆனால் அரண்மனையைச் சுற்றிய முகம்மதுசாய் குலத்துப் பஷ்தூன் அல்ல. காபூலில் அரபிப் பாடசாலை, பிறகு கெய்ரோவின் அல் அஸ்ஹர், அதன்பின் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். ஷரீஅத்தும் மேலைநாட்டுச் சட்டமும் ஒருசேரக் கற்றவர். பஷ்தோ மொழியில் கதையும் கவிதையும் எழுதியவர். நீதித் துறையில் சட்டம் வரைகிற வேலையில் வளர்ந்து, 1964 அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் முக்கியப் பங்கு வகித்தார். பிறகு கெய்ரோவில் தூதர், 1971-ல் வெளியுறவு அமைச்சர், 1972 டிசம்பரில் பிரதமர். அப்போது வயது நாற்பதை ஒட்டி. முல்லாவின் பிள்ளை படிப்பால் மட்டும் பிரதமர் நாற்காலிக்கு வந்து சேர முடிந்த ஒரு நாட்டைத்தான், அங்கே குலம் தவிர வேறு ஏணியே கிடையாது என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஏணி எப்போது போடப்பட்டது என்பது முக்கியம். ஜாஹிர் ஷா 1933-ல் 19 வயதில் அரியணை ஏறினார். தந்தை நாதிர் ஷா சுட்டுக்கொல்லப்பட்ட அன்றே முடிசூடியவர். அடுத்த முப்பது ஆண்டுகள் ஆட்சி நடத்தியது அவரல்ல, அவருடைய குடும்பம். முதலில் ஒரு சித்தப்பா ஹாஷிம் கான், 1946-ல் இன்னொரு சித்தப்பா ஷா மஹ்மூத், 1953-ல் பெரியப்பா மகனும் சகோதரியின் கணவருமான தாவூத். பிரதமர் பதவி ஒரே வீட்டின் முற்றத்தைத் தாண்டி வெளியே போனதில்லை. 1963 மார்ச்சில் தாவூத் விலகிய பிறகுதான் அரச குடும்பத்தைச் சேராத முதல் பிரதமராக முகம்மது யூசுஃப் வந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் லோயா ஜிர்கா என்ற தேசியப் பேரவை கூடி, ஷஃபீக்கும் மற்றவர்களும் வரைந்த சட்டத்தை வரிவரியாக விவாதித்து ஏற்றது. அக்டோபர் 1-ல் மன்னர் கையெழுத்திட்டார்.

அதன் 24-வது பிரிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மன்னரின் நெருங்கிய உறவினர்கள் பிரதமராகவோ அமைச்சராகவோ ஆக முடியாது. நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக முடியாது. அரசியல் கட்சியில் சேரவும் முடியாது. பட்டத்தைத் துறந்துவிட்டு அரசியலுக்கு வருகிறேன் என்று எவரும் குறுக்கு வழி தேடக் கூடாதே என்று, அரச குடும்பத்தில் பிறந்தவர் உயிரோடிருக்கும்வரை அரச குடும்பத்தவரே என்றும் எழுதி அடைத்துவிட்டார்கள். முடியாட்சி நடக்கும் நாட்டில், மன்னரின் ஒப்புதலோடு, மன்னரின் வீட்டாருக்கே கதவைச் சாத்திய சட்டம் இது. யாருடைய பெயரையும் அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை; தாவூத் உள்படக் காபூலில் எல்லோருக்கும் அது யாருக்கான பூட்டு என்று தெரியும்.

இது வெறும் காகிதச் சட்டம் என்பார்கள். எந்த அரசியல் சட்டம் காகிதத்தில் இல்லாமல் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்கு முறையான பதிலே உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் 1965-லும் 1969-லும் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. 1965-ல் நான்கு பெண்கள் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் காந்தஹாரிலிருந்து வந்தவர் என்பதை அந்த ஊரின் பெயரை இன்று கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே முதலில் செல்லும், அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் ஹனஃபி ஃபிக்ஹு என்ற மார்க்கச் சட்டம் செல்லும் என்று வைத்த ஏற்பாட்டில் அல் அஸ்ஹரும் கொலம்பியாவும் படித்த ஒருவரின் கைவண்ணம் தெரிகிறது. மதத்தைப் பகைக்காமல், அதே சமயம் அதன் கையில் சாவியையும் கொடுக்காமல் எழுதிய வரி அது. 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் ஆப்கான் தரப்புகள் கூடியபோது, புதிய சட்டம் வரும்வரை எந்தச் சட்டத்தால் நாட்டை நடத்துவது என்ற கேள்வி எழுந்தது. முடியாட்சி, நிர்வாகத் துறை, நாடாளுமன்றம் தொடர்பான பிரிவுகளை நீக்கிவிட்டு 1964 சட்டத்தைத்தான் எடுத்தார்கள். தாவூத் 1977-ல் கொண்டுவந்த சட்டத்தை யாரும் சீந்தவில்லை. கம்யூனிஸ்டுகள் எழுதியவையும் முஜாஹிதீன்கள் பேசியவையும் கிடக்கட்டும்; 28 ஆண்டுகளுக்கு முன் ரத்தான ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

எதிர்த்தரப்பு வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. அரசியல் கட்சிகள் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றி அனுப்பியும் மன்னர் கடைசிவரை கையெழுத்திடவில்லை. கட்சி இல்லாத நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு தனிக் கட்சி. கோரம் சேராது. பிரதமருக்குப் பின்னால் நிற்கக் கூட்டம் கிடையாது; அமைச்சரவையை நிற்கவைத்துக் குடைவதற்கு மட்டும் எல்லோரும் இருப்பார்கள். 1965 அக்டோபர் 25-ல் காபூலில் மாணவர் கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் இறந்தார்கள். யூசுஃப் பதவி விலகினார். அதைவிடக் கொடுமை 1970-ல் தொடங்கிய வறட்சி. அடுத்தடுத்துப் பனியும் மழையும் பொய்த்து, மேற்கிலும் நடு மலைப்பகுதிகளிலும் ஆடுகள் செத்து, பிறகு மனிதர்கள் செத்தார்கள். நிவாரணக் கோதுமை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அந்தப் பஞ்சத்துக்கு அந்த அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். மன்னர் கையெழுத்திடாத தவறும் சின்னத் தவறு அல்ல. ஜனநாயகத்துக்கு வாசலைத் திறந்துவிட்டு, உள்ளே உட்கார நாற்காலி போடாமல் நின்றார் ஜாஹிர் ஷா.

ஆனால் இந்தக் குறைகளிலிருந்து இரும்புக்கரம் தேவை என்ற முடிவுக்கு எப்படித் தாவுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காதது. மன்னரிடம் அதிகாரம் மிச்சமிருந்ததால் வந்த குறையை, முழு அதிகாரத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்துத் தீர்ப்பதா? பத்தாண்டில் ஐந்து பிரதமர்கள் என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். 1919-ல் மன்னர் ஹபீபுல்லா சுட்டுக்கொல்லப்பட்டார். 1929-ல் அமானுல்லா நாட்டைவிட்டு ஓடினார்; அவருக்குப் பின் வந்த ஹபீபுல்லா கலக்கானி அதே ஆண்டில் கொல்லப்பட்டார். 1933-ல் நாதிர் ஷா சுடப்பட்டார். 1978-ல் தாவூத், 1979-ல் தராக்கி, அதே ஆண்டின் முடிவில் அமீன், 1996-ல் நஜீபுல்லா என்று ஆண்டவர்கள் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள். இந்த வரிசையின் நடுவே, 1963-க்கும் 1973-க்கும் இடையில், பிரதமர்களான யூசுஃபும் மைவந்த்வாலும் எத்தெமாதியும் அப்துல் ஜாஹிரும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆப்கான் வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனையை எனக்குக் காட்டுங்கள். ஆட்சி மாறியதற்காக ஒருவர் தலையும் உருளவில்லை என்பதை நிலையின்மை என்று பெயரிட்டு எழுதுவது வேடிக்கை.

இனி அந்த ஆற்று நீர் விவகாரம். ஷஃபீக் மீதான பழிகளிலேயே கனமானது இதுதான். கொஞ்சமும் நிற்காததும் இதுதான்.

ஹெல்மந்த் ஆறு இந்துகுஷ் மலையில் பிறந்து, தென்மேற்கே பாலைவனத்தைக் கடந்து, நிம்ரோஸ் மாகாணம் வழியாக ஈரானின் சிஸ்தான் பகுதியில் உள்ள ஏரிகளில் போய்ச் சேர்கிறது. கடலைக் காணாத ஆறு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நீரை விட்டால் வேறு நாதியில்லை. சண்டை 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1872-ல் பிரிட்டிஷ் அதிகாரி கோல்ட்ஸ்மிட் வந்து எல்லை பிரித்தார். 1905-ல் இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி மக்மஹோன் வந்து, கமால் கான் என்ற இடத்தை எட்டும் நீரில் மூன்றில் ஒரு பங்கு பாரசீகத்துக்கு என்றார். 1930-களின் கடைசியில் போட்ட ஒப்பந்தம் சரிபாதி என்றது. அது ஏற்பு பெறாமலே செத்தது. 1953-ல் ஆப்கானியர் ஆற்றின் மேல்பகுதியில் கஜகி அணையைக் கட்டியதும் ஈரானின் கூச்சல் உச்சத்துக்குப் போனது. இடையில் 1951-ல் நடுநிலை நிபுணர்கள் அடங்கிய ஆணையம் ஒன்று கணக்குப் போட்டு, ஈரானுக்கு வினாடிக்கு 22 கன மீட்டர் போதும் என்றது. ஈரான் அதை ஏற்கவில்லை.

1973 மார்ச் 13-ல் காபூலில் ஷஃபீக்கும் ஈரான் பிரதமர் அமீர் அப்பாஸ் ஹொவைதாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இதுதான்: இயல்பான நீராண்டில் ஈரானுக்கு வினாடிக்கு 22 கன மீட்டர், நல்லெண்ணத்தின் பேரில் மேலும் 4. மொத்தம் 26. நம் பத்திரிகைகள் எழுதும் கணக்கில் சுமார் 918 கன அடி. ஆண்டுக்கு ஏறக்குறைய 82 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 29 டி.எம்.சி. இயல்பான ஆண்டு எது என்பதையும் ஒப்பந்தமே வரையறுத்தது. கஜகிக்கு மேலே தெஹ்ராவூத் அளவை நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 566 கோடி கன மீட்டர் ஓடினால் அது இயல்பான ஆண்டு. அது 200 டி.எம்.சி. ஆக, இருநூறில் இருபத்தொன்பது. மக்மஹோன் மூன்றில் ஒன்று என்றார், அடுத்த ஒப்பந்தம் பாதி என்றது. அவர்கள் கணக்கு கீழே வந்துசேரும் நீரின்மீது போட்டது, இது மேலே அளந்த நீரின்மீது போட்டது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், பங்கு என்ற பேச்சே போய், மாறாத ஓர் எண் வந்துவிட்டது. கீழ்ப்பகுதியில் எவ்வளவு நீர் வந்து நின்றாலும் 26-க்கு மேல் ஈரான் உரிமை கோரக் கூடாது என்று ஒரு பிரிவு. மீதி நீரை என்ன செய்வது என்பது ஆப்கானிஸ்தானின் உரிமை என்று அதே பிரிவில் இன்னொரு வரி. வறட்சி வந்தால் அந்த 26-ம் அதே விகிதத்தில் குறையும்.

நதிநீர் ஒப்பந்தங்களைப் படித்துப் பழகியவர்கள் இதை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். மேலே இருக்கும் நாட்டுக்கு இவ்வளவு சாதகமான ஏற்பாடு எளிதில் கிடைப்பதல்ல. எதிரே இருந்தது எண்ணெய்ப் பணத்தில் மிதந்த ஷாவின் ஈரான். ஏழை நாட்டின் பிரதமர் அந்த 4 கன மீட்டரைக் கொடுத்து, நூறாண்டுச் சண்டையை முடித்து, மீதி ஆற்றைப் பூட்டி வைத்துக்கொண்டார். ஆனால் காபூலில் இடதுசாரிகளும் தேசியவாதிகளும் நாட்டை விற்றுவிட்டார் என்று கூவினார்கள். நாடாளுமன்றம் விவாதித்து ஒப்புதல் தந்தது. கோரம் சேராத, உருப்படாத அதே நாடாளுமன்றம்தான்.

நான்கு மாதத்தில் தாவூத் ஆட்சியைப் பிடித்தார். ஒப்பந்தம் தேசத்துரோகம் என்றால் அன்றே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அவர் அதைக் கிடப்பில் போட்டார். 1977-ல் அவருடைய அரசே ஈரானுடன் ஏற்புப் பத்திரங்களைப் பரிமாறி, ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓர் எழுத்து மாறவில்லை. கையெழுத்திட்டவர் துரோகி, அதையே நிறைவேற்றியவர் தேசபக்தர் என்று சொல்கிறவர்களிடம் வாதம் செய்வது வீண் வேலை.

தாவூதின் அயலுறவுத் திறமை என்று ஒன்றைச் சொல்வார்கள், அதையும் பார்த்துவிடலாம். அவருடைய பிரதமர் காலத்தின் பெரிய லட்சியம் பஷ்தூனிஸ்தான். பாகிஸ்தானுடனான எல்லையான தூரந்து கோட்டுக்கு அப்பால் உள்ள பஷ்தூன் மக்களுக்குத் தனி நாடு. அந்த மக்களின் மனக்குறை பொய்யல்ல. ஆனால் அதற்காக அவர் செய்தது என்ன? 1961 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் உறவு முறிந்து எல்லை அடைபட்டது. கடல் இல்லாத நாடு. திராட்சையும் மாதுளையும் பறிக்கும் பருவம். பெஷாவர் வழியாகப் போக வேண்டிய பழத்தை விமானத்தில் ஏற்றி இந்தியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று. விமானத்தில் எத்தனை கூடை ஏற்ற முடியும்? சுங்க வருமானம் சரிந்தது. அமெரிக்கா தந்த உதவிச் சரக்கு கராச்சித் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தது. சோவியத் நாட்டின் பக்கம் சாய்வதைத் தவிர வேறு வழியில்லாத நிலைக்கு நாடு தள்ளப்பட்டது. இந்த முட்டுச்சந்தில் கொண்டுவந்து நிறுத்தியதால்தான் 1963-ல் அவர் விலக நேர்ந்தது. அவர் போன இரண்டே மாதத்தில், மே மாதம், எல்லை திறந்துவிட்டது.

இதற்கு நேர்மாறானது 1971 டிசம்பர். கிழக்கு வங்கம் பிரிந்து, பாகிஸ்தான் முதுகெலும்பு உடைந்து கிடந்த நேரம். பழைய கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல தருணம் காபூலுக்குக் கிடைத்திருக்காது. ஷஃபீக் அப்போது வெளியுறவு அமைச்சர். ஆப்கானிஸ்தான் நடுநிலை வகித்தது, எல்லையில் ஒரு படையையும் அசைக்கவில்லை. வீர வசனத்துக்கு இடமில்லாததால் அந்த முடிவு எந்தப் புத்தகத்திலும் தனி அத்தியாயமாக வருவதில்லை.

தாவூதின் கணக்கில் நல்லவையும் உண்டு. 1959 ஆகஸ்டில் சுதந்திர விழா மேடையில் அரச குடும்பத்துப் பெண்களும் அமைச்சர்களின் மனைவியரும் முகத்திரையின்றி நின்றதற்குத் துணிச்சல் வேண்டும். சாலைகளும் ஐந்தாண்டுத் திட்டங்களும் அவர் காலத்தவை. ஆனால் 1970-களின் காபூல் என்று இணையத்தில் சுற்றுகிற கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றனவே, குட்டைப் பாவாடையில் நடக்கும் பெண்கள், இசைத்தட்டுக் கடை, பல்கலைக்கழகப் படிக்கட்டு, அவற்றைக் காட்டி இரும்புக்கரத்தைப் புகழ்வது பொருந்தாது. பெண்கள் வாக்களித்தது, தேர்தலில் நின்றது, அமைச்சரானது, பத்திரிகைகள் அரசைத் திட்டியது எல்லாம் தாவூத் வீட்டில் இருந்த அந்தப் பத்தாண்டில் நடந்தவை.

1973 ஜூலையில் மன்னர் சிகிச்சைக்காக இத்தாலியில் இருந்தார். 17-ஆம் தேதி விடியற்காலை தாவூத் ஆட்களின் டாங்கிகள் காபூலில் இறங்கின. அதிகம் ரத்தம் சிந்தவில்லை. குடியரசு என்று வானொலியில் அறிவித்தார்கள். அரசியல் சட்டம் போயிற்று. நாடாளுமன்றம் கலைந்தது. சுதந்திரப் பத்திரிகைகள் மூடப்பட்டன. ஷஃபீக் கைது செய்யப்பட்டார். 1969-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் நான்கு ஆண்டு முடிந்து, அந்த ஆண்டு புதிய தேர்தல் வர வேண்டும். அந்தத் தேர்தலில் நிற்கச் சட்டப்படி தகுதியில்லாத ஒருவர், தேர்தலே இல்லாமல் செய்துவிட்டார். 24-வது பிரிவைக் கடக்க அவருக்கு இருந்த ஒரே வழி அது. முடியாட்சியை ஒழித்த புரட்சி என்கிறார்கள். அரச குடும்பத்தின் பிடியிலிருந்து பத்தாண்டுகளுக்கு முன் நழுவிய அதிகாரம், அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் கைக்கே திரும்பியதைப் புரட்சி என்று அழைக்க எனக்கு நா வரவில்லை.

அதன்பின் நடந்தவை இரும்புக்கரத்தின் பலன்கள். மைவந்த்வாலைச் சதி என்று சொல்லிப் பிடித்தார்கள். பத்திரிகையாளராக வளர்ந்து பிரதமரானவர், 1965 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்கே போய் மாணவர்களிடம் துக்கம் விசாரித்தவர். 1973 அக்டோபரில் சிறையில் இறந்தார். தற்கொலை என்றது அரசு, நம்பியவர்கள் குறைவு. இஸ்லாமிய இயக்கத்தைச் சேர்ந்த ரப்பானியும் ஹெக்மத்யாரும் மசூதும் பாகிஸ்தானுக்கு ஓடி, 1975-ல் அங்கிருந்து கிளர்ச்சி செய்தார்கள். அதுவரை வளாகங்களிலும் தெருக்களிலும் இருந்த சண்டை எல்லை தாண்டி ஆயுதம் எடுத்தது அப்போதுதான். கம்யூனிஸ்டுகளான பாபரக் கார்மாலும் ஹஃபீசுல்லா அமீனும் தேர்தலில் வென்று நாடாளுமன்றத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள். கத்துவதற்கு இடம் இல்லாமல் போனதும் அவர்கள் கட்சி படைமுகாமுக்குள் போயிற்று. தாவூதுக்காக 1973-ல் கிளம்பிய அதிகாரிகளில் அஸ்லம் வத்தன்ஜாரும் அப்துல் காதரும் இருந்தார்கள். 1978 ஏப்ரல் 27-ல் தாவூதின் அரண்மனையை டாங்கியாலும் விமானத்தாலும் தாக்கியவர்களும் அதே வத்தன்ஜாரும் அதே காதரும்தான். ஆட்சியைப் பிடிக்க ராணுவத்துக்கு வழி காட்டிக் கொடுத்தவர், ஐந்தே ஆண்டில் குடும்பத்தோடு பலியானார். அந்தச் சாவில் எனக்கு எந்தத் திருப்தியும் இல்லை, குழந்தைகளும் இறந்தார்கள். ஆனால் ஏன் நடந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

ஷஃபீக்கை நான் மகானாக்கவில்லை. அவர் அரண்மனையின் நம்பிக்கையால் வந்தவர், மக்கள் வாக்கால் வந்தவரல்ல. பஞ்சத்தின்போது அந்த அமைச்சரவையில் அவரும் இருந்தார். கட்சிகள் சட்டம் அவர் காலத்திலும் கையெழுத்தாகவில்லை. ஏழு மாதத்தில் அவர் எதைச் சாதித்திருப்பார், எதைக் கெடுத்திருப்பார் என்று ஊகித்து எழுதுவதும் நியாயமல்ல. நான் கேட்பதெல்லாம், ஒருவரை முழுதாக ஆளவும் விடாமல் தோல்வி என்று எழுதலாமா என்பதுதான். 1978-க்குப் பின் வந்த கம்யூனிஸ்டு அரசு அவரைக் கொன்றது. எத்தெமாதியையும் அதே அரசுதான் கொன்றது.

அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2021 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி அஷ்ரஃப் கனி கமால் கான் அணையைத் திறந்தபோது, ஒப்பந்தப்படி உரியது ஈரானுக்குப் போகும், அதற்குமேல் வேண்டுமென்றால் எண்ணெய் கொடுங்கள் என்ற பொருளில் பேச முடிந்தது ஷஃபீக் பூட்டிய அந்தப் பிரிவின் பலத்தில்தான். 2023 மே மாதம் ஈரான் அதிபர் ரய்சி தாலிபானை எச்சரித்தார். அம்மாத இறுதியில் நிம்ரோஸ் எல்லையில் துப்பாக்கிகள் வெடித்தன. ஈரான் 1973 ஒப்பந்தத்தைக் காட்டியது. முடியாட்சியையும் குடியரசையும் நாடாளுமன்றத்தையும் ஏற்காத தாலிபானும் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதாகத்தான் சொன்னது.

ஆப்கானிஸ்தானைப் பற்றி இனி எழுத உட்காரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1973 ஜூலை 17-ல் மன்னராட்சி முடிந்தது என்று எழுதுங்கள், தவறில்லை. அன்று கவிழ்ந்த அரசின் பிரதமர் நங்கர்ஹாரைச் சேர்ந்த ஒரு மார்க்க அறிஞரின் மகன் என்பதையும், கவிழ்த்தவர் மன்னரின் பெரியப்பா மகன் என்பதையும், அந்த ஆண்டு தேர்தல் வர வேண்டியிருந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள்.